நிலையில் இடிக்கும் மூடி

என் அன்பு வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறோம், அவர் உள்ளங்கையில் போட்ட தையல் மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. பதறாதே, எல்லாம் முடிந்துபோன விஷயம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நீயும் பாதியில் அழ ஆரம்பிப்பாய், நானும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். அதனால்தான் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய பூட்டைப் பற்றித்தான். குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அப்பா யாருக்கும் தெரியாமல் இறங்கிப்போய், முன்பு மெக்கானிக் வேலை பார்த்த பஸ் டிப்போவில் போய் நின்றாரே, அதற்குப் பிறகுதானே உள்ளே இருந்தும் நம்பரை அழுத்தினால்தான் திறக்கும்படி ஒரு பூட்டை, பூட்டு செய்யும் உங்கள் ஆபீசில் நீயே வரைந்து செய்து அனுப்பினாய். அது வந்தபிறகுதான் நான் நிம்மதியாக அடுப்படியில் நின்றேன், அதை மறக்க மாட்டேன். ஆனால் கண்ணு, பேட்டரி தீரப்போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கைக் கதவுக்கு வெளிப்பக்கம் வைத்திருக்கிறீர்களே, நான் எங்கே வெளியே போகிறேன்? மளிகைக்கடைக்காரர் சாமானைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார், குப்பை வைக்கக் கதவைத் திறப்பதோடு சரி. வாட்ச்மேன் பார்த்திருக்கிறார், 'அழகுக்கு எரியுதுன்னு நெனச்சேம்மா' என்கிறார். கீச்சென்று ஒரு சத்தமும் வருமாம், என் காதுக்கு அது எட்டவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் குப்பையை வைக்கலாம் என்று நம்பரை அழுத்தினேன், ஒரு அசைவும் இல்லை. கை ஈரமோ என்று துடைத்துவிட்டு அழுத்தினேன், அப்போதும் இல்லை. சரி, பேட்டரிதான் போயிருக்கும், நீ வாங்கி வைக்கச் சொன்னது இழுப்பறையில் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு வந்து, கதவின் உள்பக்கம் இருக்கும் பேட்டரி மூடியைத் தள்ளினேன். அது பக்கவாட்டில் நகர்ந்துதானே கழல வேண்டும், கொஞ்சம் நகர்ந்து கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது. கதவு திறந்திருந்தால் மூடி கழலும், மூடி கழன்றால்தான் கதவு திறக்கும். புது பேட்டரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்த விழியை நீ பார்த்திருக்க வேண்டும், சிரித்திருப்பாய். நானும் சிரித்தேன், அப்பா அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்துவந்து மூடியை நெம்புகிறவரைக்கும். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், உனக்குத் தெரியாததா? துண்டைச் சுற்றினேன், நனைந்துவிட்டது. இன்னொன்று சுற்றினேன், அதுவும் நனைந்தது.

அவசரத்துக்கென்று நீ கொடுத்த சாவி ஆணியில்தான் தொங்கியது, அதைப் போடும் துளை வெளியே. வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன், ஓடிவந்தார். கதவுக்கு அடியில் சாவியைத் தள்ளலாம் என்றால், தூசு வராமலிருக்க ரப்பர் அடித்து வைத்திருக்கிறேன் நான். அவரைக் கீழே நிற்கச் சொல்லி ஜன்னல் கம்பி வழியாகப் போட்டேன், பதற்றத்தில் அது கீழ்வீட்டு சன்ஷேடில் விழுந்து தொலைத்தது. அந்த வீட்டுத் தையல்காரம்மா கடைக்குப் போயிருந்தாள், அவளை அழைத்துவர வாட்ச்மேன் ஓடினார். உனக்கும் போட்டேன், அங்கே நடுராத்திரி, நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவ்வளவு தூரத்திலிருந்து நீ என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் நான் கதவடியில் உட்கார்ந்துவிட்டேன், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்திருக்கிறேன், அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு மெதுவாக, 'அழாதீங்கம்மா, உங்களையும் புடிச்சு உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா?' என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஏய், நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார், வாங்க போங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. குரலை இன்னும் தாழ்த்தி, 'இந்த வீட்டுக்காரி பொல்லாதவ, நம்பரை யாருக்கும் சொல்ல மாட்டா. கதவு தெறந்ததும் நாம ரெண்டு பேரும் ஓடிடலாம்' என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

தையல்காரம்மா துணி காயப்போடும் கம்பால் சாவியைத் தட்டி எடுக்க, வாட்ச்மேன் வந்து திறந்தார். நான் அப்பா ஓடிவிடுவார் என்று சட்டையைக் கெட்டியாகப் பிடித்தேன். அவர் ஓடவில்லை. நல்ல கையால் கதவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, 'நீங்க மொதல்ல போங்க' என்றார். படியைப் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தனியாக இறங்கிப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது, பெற்ற பெண்ணிடம் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

பேட்டரி மாற்றியாகிவிட்டது. கதவும் பூட்டித்தான் இருக்கிறது, எனக்கு வேறு வழி தெரியவில்லை. பூட்டுகிறவள் நான்தான் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்போது கிளம்பலாம் என்று நான் பாத்திரம் கழுவும்போது ரகசியமாக வந்து கேட்கிறார்.

நீ உங்கள் ஆபீசில் சொல்லு, மூடி முன்பக்கமாகக் கழன்று வரட்டும், விரல் நடுங்குகிறவளாலும் இழுக்க முடியட்டும், விளக்கு உள்ளேயும் எரியட்டும், சத்தம் கொஞ்சம் தடித்ததாக இருக்கட்டும். பூட்டை மேசைமேல் வைத்துத்தானே பார்த்திருப்பீர்கள், மேசைக்கு ஏது நிலை? அதனால் லீவு போட்டுவிட்டு இங்கே வா. வந்து கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு இரு, பிறகு வரைந்து பார். உன்னைப் பார்த்து அவர் யாரென்று கேட்டாலும் கேட்பார், மனதைத் திடப்படுத்திக்கொண்டு வா.

தீர்க்காயுசாக, குறையொன்றும் இல்லாமல் இரு கண்ணே. ராத்திரியில் போனை அணைத்து வைக்காதே, தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா