அறுநூறு கிலோப் பெட்டி

பட்டறை,
செவ்வாய்க்கிழமை.

குவாரித் தூசியில் குளித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னதும் நலம். உங்கள் நலத்தை நீங்களாக எழுதப்போவதில்லை என்பதால் லாரிக்காரரிடமே கேட்டுக்கொண்டேன். இருமிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா? போன் எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் திட்டுவதைக்கூட எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கையெழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பதறாதீர்கள். வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி நசுங்கியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே, ஆனால் அதை எடுத்த எடுப்பில் எழுத வரவில்லை. மூன்று முறை ஆரம்பித்து எழுந்துபோய், பூட்டிய கேட்டை மறுபடி பூட்டிவிட்டு வந்தேன். மற்ற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் முதல் கட்ட அறிக்கையை ஒப்பந்தப் பிரிவில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்று பிரதி, பக்கத்துக்குப் பக்கம் நம் இருவர் சுருக்கொப்பம், எல்லாவற்றையும் அந்த அதிகாரி அம்மா விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்தார். 'பணி நடைபெறும் இடத்தின் முகவரி' என்ற கட்டத்தில் நான் 'நிலா' என்று எழுதியிருந்தேன் அல்லவா, அஞ்சல் குறியீடு ஏன் போடவில்லை என்று கேட்டார். கேலியா நிஜமா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் கிளம்பும்போது, நிலாவில் சரக்கு இறக்கும் ஆராய்ச்சிக்கு வந்த மூணு கம்பெனியில உங்க தூக்குக் கைதான் சுத்தமா தூக்கி, சுத்தமா திருப்பி, சுத்தமா வச்சிருக்கு என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குழு கூடுகிறதாம். இரண்டாம் கட்டம் உங்களுக்குத்தான்னு பேசிக்கிறாங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க என்றும் சொன்னார்.

வேறு நாளாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

சின்னது பள்ளிக்கூடத்தில் நம் கொக்கைப் பற்றிப் பேசாத நாளில்லை. தூக்குக் கைக்கு நீங்கள் விளையாட்டாக வைத்த பெயர் அவளுக்கு நிஜமாகிவிட்டது. நிலாவில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நிற்கிறது, அலகில் பெட்டி தொங்குகிறது, அப்படி ஒரு படம் வரைந்து பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அப்பா எப்ப வரும் என்று தினமும் கேட்கிறாள்.

நிற்க. விரல் விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வரைபடங்கள் இருக்கும் இரும்பு பீரோவை உள் அறைக்கு மாற்றலாம் என்று நம் நாலு சக்கர வண்டியில் ஏற்றினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீங்கள் 'முணுமுணுப்பு' என்று பட்டப்பெயர் வைத்த நம் ஃபிட்டர். எண்ணெய் போட்ட சக்கரம், தரையும் வழவழப்பு. ஒரு விரலால் தள்ளினால் போகிறது. எனக்குக் குஷி வந்துவிட்டது. விடுங்க, நானே கொண்டுபோறேன் என்று அவரை விலக்கிவிட்டு ஒரு தள்ளு தள்ளினேன். வாசற்படி வந்ததும் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது நிற்கவில்லை. பீரோவுக்கும் கதவு நிலைக்கும் நடுவில் என் கை இருந்தது.

வலியில் உயிர் போயிற்று. அவர் ஐஸ் எடுக்க ஓடினார். நான் தரையில் உட்கார்ந்து அந்த பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கொக்கு நிலாவில் தூக்கப்போகும் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஏங்க, நம் பெட்டி அறுநூறு கிலோ. நிலாவில் அதன் எடை இங்கே நூறு கிலோ இருப்பதுபோலத்தான் இருக்கும். அதனால் சோதனைக்கு நூறு கிலோ மட்டும் போட்டு, மிச்சத்துக்குத் தெர்மோகோல் அடைத்தேன். கொக்கு அழகாகத் தூக்கிற்று, திரும்பிற்று, சொன்ன இடத்தில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அது பிடித்து நிறுத்தியது வெறும் நூறு கிலோ. நிலாவில் தூக்கும்போதுதான் பெட்டி லேசு. பக்கவாட்டில் வீசி நகர்ந்துவிட்டால் அறுநூறும் அறுநூறாகத்தான் வந்து இடிக்கும், அந்த பீரோ மாதிரி. கொக்கின் பிரேக் அதைத் தாங்குமா என்று நாம் பார்க்கவே இல்லை.

அடைத்தது நான். படிவத்தில் 'நிலா எடையில் சோதிக்கப்பட்டதா' என்று கேட்டிருந்தார்கள், நானும் ஆமாம் என்று டிக் போட்டேன். இத்தனை வருஷம் லாரியில் சரக்கு ஏற்றும் தூக்கு இயந்திரம் செய்து செய்து நமக்கு எடை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கிடங்கில் தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தப் புத்தியோடு நிலாவுக்கும் கணக்குப் போட்டுவிட்டேன்.

இதை ஃபிட்டரிடம் சொன்னேன். அவர் ஐஸைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். அண்ணன் சோதனை அன்னைக்கே பெட்டியைத் திறந்து பார்த்தாரும்மா, பார்த்துட்டு மூடிட்டார் என்று உங்களைத்தான் சொன்னார்.

இதை எழுதிவிட்டு மறுபடியும் எழுந்துபோய் வந்தேன். சோதனை முடிந்த மறுநாள் காலையில் குவாரிக்குக் கிளம்பினீர்கள். நிலாத் தூசிக்குப் பதிலாகக் கல்தூசியில் நடத்தும் சோதனைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வாசலில் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினீர்கள், செருப்பு உங்கள் காலில் இருந்தது. அன்றைக்குச் சிரித்தேன். தெரிந்துதான் போனீர்களா? பன்னிரண்டு வருஷ ஆசை உங்களுக்கு. மொட்டை மாடியில் நிலாவைக் காட்டி, அங்க நம்ம கொக்கி ஒண்ணு இருக்கணும் என்று கல்யாணமான புதிதில் சொன்ன ஆள் நீங்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டீர்களா? இப்படி நினைக்க எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

சொன்னால் இரண்டாம் கட்டம் கை நழுவும். பட்டறையில் எட்டு பேர் அதைத்தான் நம்பி இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். அவருக்கும் விரல் இருக்கும்.

திருத்தக் கடிதம் ஒன்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நம் இருவர் கையெழுத்தும் வேண்டும், என்னுடையதைப் போட்டுவிட்டேன். புதன்கிழமை வரும் லாரி வியாழக்கிழமை திரும்பும். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கலங்கிப்போயிருக்கும்
உங்கள் மனைவி.


பட்டறை,
சனிக்கிழமை.

என் அருமை வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய உறை வந்தது. திருத்தக் கடிதம் உங்கள் கையெழுத்து இல்லாமலே திரும்பி வந்திருப்பதைப் பார்த்ததும் லாரிக்காரர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் பாவம், டீசல் வாங்கணும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். பிறகுதான் உள்ளே இருந்த இன்னொரு காகிதத்தைப் பார்த்தேன்.

சோதனை நடந்த அன்றைய தேதி போட்டிருக்கிறது. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருக்கிறது. 'சோதனைத் திட்டம் முழுவதும் என்னுடையது, பெட்டியில் குறைந்த சரக்கை ஏற்றச் சொன்னது நானே, சோதனைப் பொறுப்பாளரான என் மனைவிக்கு இதில் பங்கில்லை' என்று எழுதிக் கீழே உங்கள் முழுக் கையெழுத்து. எனக்கென்று ஒரு வரிகூட இல்லை. இதையா மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தீர்கள்? கொடுத்தால் நான் தவறு செய்தது எனக்குத் தெரிந்துவிடும், கொடுக்காவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது, அதனால் குவாரிக்கு ஓடிவிட்டீர்கள். நான் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! என்னை மன்னித்துவிடுங்கள்.

மன்னித்துவிட்டீர்கள் அல்லவா? இப்போது திட்டுகிறேன். யாரைக் கேட்டு என் தப்பை உங்கள் பெயரில் எழுதினீர்கள்? கல்யாணத்தில் பாதி பாதி என்று சொன்னது நல்லதுக்கு மட்டுமா? ஒரு தப்பைக்கூட நானாகச் செய்து நானாகச் சொல்ல விடமாட்டீர்களா? உங்கள் காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது பொய், அதனால் கோப்பில் சேராது. ஆனால் கிழிக்க மனம் வரவில்லை.

நேற்று அந்தத் திருத்தக் கடிதத்தையே எடுத்துக்கொண்டு அதிகாரி அம்மாவிடம் போனேன். கட்டுப் போட்ட கையைக் காட்டி பீரோ கதையையும் சொன்னேன். இரண்டு முறை படித்தார். சரி, முழுப் பெட்டி வந்தா உங்க கை நிறுத்துமா, நிறுத்தாதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்கலாம் என்றேன். அறிக்கையை ஏத்துக்கிட்ட பிறகு தப்புன்னு வந்து நின்ன கம்பெனியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று வீடு வரும்வரை யோசித்தேன், பிடிபடவில்லை. ஒரு கையெழுத்தோடு இருப்பதைக் கோப்பில் சேர்க்க முடியாதாம். மற்றவர் வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் வந்து போட வேண்டும், மறுநாள் குழு கேட்கும் கேள்விக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அதனால் நீங்கள் வந்தே ஆகவேண்டும். ஃபிட்டரும் மற்றவர்களும் அறுநூறு கிலோவையும் பெட்டியில் ஏற்றி, அதைச் சக்கர மேடையில் வைத்துத் தயாராக நிற்கிறார்கள். வீசி நிறுத்திப் பார்க்க நீங்கள் வேண்டும் என்று முணுமுணுப்பே வாய் திறந்து சத்தமாகச் சொல்லிவிட்டார். கொக்கு தோற்றாலும் தோற்கட்டும். அது தோற்பதை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

வியாழக்கிழமை லாரி மதியத்துக்குள் வந்துவிடும். நான் ஒப்பந்தப் பிரிவு வாசலிலேயே நிற்கிறேன். சின்னதும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள், அழைத்து வருகிறேன். எதையும் யோசிக்காமல் லாரியில் ஏறிவிடுங்கள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், காலில்தான் இருக்கும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி,
சோதனைப் பொறுப்பாளர்.