உன் ரத்தத்தில் ஏறிய எண்

யார்க்டன்,
பிப்ரவரி 9

அன்புள்ள ஓரெஸ்ட்,

நான் நலம். எட்மன்டனில் உன் தம்பி வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கோபித்துக்கொண்டு போய்ப் பதினோரு நாள் ஆகிறது. வாசல் பனியை நானே தள்ளுகிறேன்.

பனித்தளத்தில் கல் தள்ளி ஆடும் கர்லிங் அணியில் உன் இடத்துக்கு மில்டனைச் சேர்த்திருக்கிறார்கள். எதிரணியில் ஆடும் டார்லீன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தருவது வழக்கம்தான். எல்லாரும் எழுந்து போன பிறகும் அவளோடு ஒரு மணி நேரம் உனக்கு என்ன பேச்சு?

நான் என்னதான் நினைப்பேன், சொல். புராஸ்டேட் புற்றுக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து நீ என்னைத் தொடவில்லை. ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். பிறகு உன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தேன். டெஸ்டோஸ்டிரோன், அதே ஆண் ஹார்மோன், முன்பைவிட ஒன்றரை மடங்கு! நீயோ வேறு அறையில் படுக்கிறாய், கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுகிறாய். எனக்குக் கிடைக்காதது வேறு யாருக்கோ கிடைக்கிறது என்று முடிவு கட்டினேன். அதனால்தான் அடுத்த ஆட்டத்தன்று அந்தக் காகிதத்தை எல்லார் முன்னாலும் டார்லீன் மடியில் வீசினேன்.

நேற்று சிகிச்சை மையத்து நர்ஸ் பெர்னிஸிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "அட லெஸ்யா, அந்த மாத்திரை ஹார்மோனைக் குறைக்காது. ஹார்மோன் போய் உக்கார வேண்டிய இடத்துல இது உக்காந்துக்கும். ஒண்ணும் வந்து சேரலையேன்னு மூளை இன்னும் சுரக்கச் சொல்லும். ரத்தத்துல எக்கச்சக்கமா ஓடும், உடம்புக்கு எட்டாது. அதுல கொஞ்சம் பெண் ஹார்மோனா மாறிடும். அதான் அவருக்கு மார்பு வீங்கி வலிக்குது. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாள். வீக்கம் வெளியே தெரியாமலிருக்க இறுக்கமான உள்சட்டை போடச் சொன்னதே டார்லீன்தானாம். அவள் புருஷனும் இதே மாத்திரை சாப்பிட்டவராம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷமாக உன் சட்டைகளைத் துவைப்பவள் நான். உன் மார்பு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பெர்னிஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வா, ஓரெஸ்ட். தொட வேண்டாம். கதவைச் சாத்தாமல் சட்டையைக் கழற்று, போதும்.

உன்,
லெஸ்யா