கெஞ்சாத விண்ணப்பம்

இன்று காலை கண்டிக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலக வாசலில், மனு எழுதுகிறவரின் மேசையருகே நிற்க நேர்ந்தது. மை காயாத தாளின் வாசனை. பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு, தான் ஆங்கிலத்தில் எழுதியதை அவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "துரை பாதத்துல விழுந்து, ரொம்பத் தாழ்மையா கெஞ்சிக் கேட்டுக்கிறேன்னு போட்டிருக்கேம்மா." அவள் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் இருந்திருந்தால், அக்கா, அந்தத் தாளைப் பறித்திருப்பீர்கள். நீங்கள் இல்லாத குறைக்கு, வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நாம் படிப்பித்த பெண்கள் பாடசாலையில் என் கணக்கு வகுப்புக்கும் உங்கள் ஆங்கில வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான் இருந்தது. உங்கள் யாழ்ப்பாணக் குரலுக்கு அது எந்த மூலைக்கு? 'ஆஸ்க்' என்ற ஒரே வினைச்சொல்லை நாள்கணக்கில் நடத்தினீர்கள். "சந்தையில பப்பாசி விலை கேக்கிறதும் ஆஸ்க், ஸ்டேஷன்ல வழி கேக்கிறதும் ஆஸ்க். வீட்டுச் சோறு மாதிரி, ஆருக்கும் போடலாம். 'ரிக்குவெஸ்ட்' சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும். 'பிரே' கடவுளுக்கு. 'பெக்' எண்டால் ஏந்தின கை." பிள்ளைகள் சிரிப்பார்கள். "அப்ப ஏன் டீச்சர், பெரியவங்க எழுதுற எல்லாக் கடுதாசியிலயும் பெக் இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். "பழகிப் போச்சுது. நீங்கள் பழகாதேங்கோ" என்றீர்கள்.

அந்தப் பாடம் என் வாசலுக்கும் வந்தது. எனக்குக் கல்யாணம் நிச்சயமான நேரம். கல்யாணமான ஆசிரியை வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எனக்கோ அந்தக் கரும்பலகையை விட மனமில்லை. வத்தேகமவில் கடை வைத்திருந்த என் மாப்பிள்ளைக்கும் நான் வேலைக்குப் போவதில் மறுப்பில்லை. ஆகவே தொடர்ந்து வேலை செய்ய அனுமதி கேட்டு, பாடசாலை மனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். ஊரெல்லாம் எழுதுகிற மாதிரியே, 'மிகத் தாழ்மையுடன் பெக் பண்ணுகிறேன்' என்றுதான் தொடங்கினேன்.

ஆசிரியர் அறையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"உமக்கு என்ன, பிச்சையா வேணும்? நல்லாப் படிப்பிக்கிறீர். அந்த வேலையைத்தானே கேக்கிறீர்? அப்ப, கேளும்!"

"மனேஜர் கோவிச்சுக்குவாரே."

"கோவிக்கட்டும். 'சேர்' எண்டு மரியாதையாத்தானே தொடங்கியிருக்கு. மரியாதை வேற, கெஞ்சல் வேற."

'பெக்'கை வெட்டி, மேலே 'ஆஸ்க்' என்று எழுதினீர்கள். தாழ்மையும் அதோடு போயிற்று. அதை அப்படியே நல்ல தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மனேஜர் கூப்பிட்டனுப்பினார். வேலையைத் தருவதில் அவருக்குத் தடையில்லையாம். "ஆனா இது கேக்குற முறை இல்ல. வழக்கப்படி எழுதிக்கிட்டு வாங்க, இப்பவே கையெழுத்து வைக்கிறேன்" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். விஷயம் அவ்வளவுதான். ஒரு சொல்லை மாற்றினால் வேலை இருக்கும்.

"ஒரு சொல்லுதானே, போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார் மாப்பிள்ளை. அதிலும் நியாயம் இருந்தது. உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் என்னை மிரட்டவில்லை.

"போடுறதெண்டால் போடும், நான் கோவிக்க மாட்டன். ஆனா ஒருக்காப் போட்டால், நாளைக்கு லீவு கேக்கவும் போடவேணும். பிள்ளை பிறந்தாலும் போடவேணும். யோசியும்."

யோசித்தேன். மறுநாள் அதே தாளை அவர் மேசையில் வைத்தேன். "நான் கேட்டது கேட்டதுதான், சேர்." அந்த மாத முடிவில் என்னை அனுப்பிவிட்டார்கள். யார் எழுதித் தந்தது என்று விசாரித்தபோது நீங்கள் எழுந்து நின்று, "ஓம், நான்தான் வெட்டினனான்" என்றீர்களாம். ஆங்கிலம் படிப்பிக்க வேறு ஆளில்லாததால் உங்களை வைத்துக்கொண்டார்கள், ஆனால் தலைமை ஆசிரியை பதவியை மட்டும் கடைசிவரை தரவில்லை. நீங்களும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் 'ஆஸ்க்' போட்டே விண்ணப்பித்தீர்கள்.

நம் இருவருக்கும் திமிர் என்று பேசினார்கள். திமிர்தான். அந்தத் திமிரோடுதான் மாப்பிள்ளையின் கடை முன்னறையில் உட்கார வாங்கு போட்டு, வத்தேகமப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் நீங்களும் பஸ் ஏறி வந்தீர்கள்.

பிறகு ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் வந்தது. நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோன நீங்களே படுத்துவிட்டீர்கள். டாக்டர் கையை விரித்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மாதா கோவிலுக்குப் போய் நெற்றி தரையில் பட விழுந்தேன். நான் அன்று செய்ததைச் செபம் என்று சொல்ல மாட்டேன். மனேஜருக்குக் கொடுக்காத அந்தச் சொல்லை, ஏந்தின கையோடு கடவுளுக்குக் கொடுத்தேன். கெஞ்சினேன், அக்கா. வாய்விட்டு அழுது கெஞ்சினேன். விடியும்போது நீங்கள் போய்விட்டீர்கள்.

கெஞ்சினால் கிடைக்கும் என்று இனி எந்தத் துரையும் எனக்குச் சொல்ல வேண்டாம். இப்போதும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன். எல்லோரும் முழந்தாளிடும்போது நான் மட்டும் நின்றுகொண்டே, உங்களை ஏன் எடுத்தார் என்று கடவுளைக் கேட்கிறேன். பதில் சொல்லும்வரை கேட்பேன்.