ரோஸ் பட்டையும் பத்தாண்டுச் சண்டையும்

மார்ச் 3, ஞாயிறு

இன்றைக்கும் ராபின்சன்தான் ஜெயித்தார். மனிதர் செத்து எத்தனையோ வருடமாகியும் எங்கள் பெஞ்சில் வாராவாரம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்.

அப்பாவின் கார் சீட் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் மாமாவின் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் அப்பா மேலே வருவார். மாமா கையுறையைக் கழற்றுவார். கையுறை கழன்றால் உரை தொடங்கும். பத்தாண்டுச் சண்டை. ஆளுக்கு ஒரு வீரர், அவருடைய வாழ்க்கையில் தொடர்ச்சியாகப் பத்து வருடம். எந்த வருடத்தில் தொடங்குவது என்பது அவரவர் இஷ்டம். தொடங்கிவிட்டால் நடுவில் வரும் தோல்வி, சும்மா உட்கார்ந்த வருடம், எல்லாம் கணக்கில் சேரும். தீர்ப்பு சொல்வது அம்மா. அம்மாவுக்குக் குத்துச்சண்டை பற்றி ஒன்றும் தெரியாது. யார் குறைவாகக் கொட்டாவி வரவழைக்கிறாரோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் கூடத்தில் இருக்கும் கைப்பட்டை முழுக்கத் துவைக்க வேண்டும். கையுறைக்குள்ளே விரலைச் சுற்றிக் கட்டும் நீளத் துணிதான் பட்டை. பட்டம் இல்லாதவருக்குப் பட்டை.

மாமாவுக்கு எப்போதும் சுகர் ரே ராபின்சன், நாற்பதுகள். அந்தப் பத்து வருடத்தில் ஒரே ஒரு தோல்வி. அப்பாவுக்கு ஜோ லூயிஸ். முப்பத்தேழில் பட்டம் வாங்கி நாற்பத்தொன்பதில் அவராகவே விட்டுக்கொடுக்கும்வரை யாரும் பிடுங்கவில்லை.

"நடுவுல நாலு வருஷம் பட்டாளத்துல இருந்தாரே, மச்சான், அதையும் சண்டைக் கணக்குல சேப்பீங்களா?"

"உன் ஆளுக்குப் பட்டமே நாப்பத்தாறு கடைசியிலதான் கெடைச்சுது, மாப்ளே. அதுக்கு முன்னால எதைப் பாதுகாத்தாரு, வீட்டையா?"

நான் முகமது அலியின் அறுபதுகளுக்காக வாதாடினேன். தோல்வியே இல்லை. ஆனால் கடைசி இரண்டரை வருடம் அவரைச் சண்டையே போடவிடவில்லை, அதனால் தள்ளுபடி. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் வாய் நீளம் ஒன்று.

பத்தாண்டு என்று பேர்தான். இவர்களுக்கு நூறு ஆண்டு கொடுத்தாலும் பத்தாது.

மார்ச் 5, செவ்வாய்

பயிற்சியின்போது மாமா கையில் பிடித்துக் குத்து வாங்கும் மெத்தையின் உள்பக்கம் சிரிக்கிற மூஞ்சி வரைந்து வைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காத குறும்பு வீண்.

மார்ச் 8, வெள்ளி

சாயங்காலம் அக்கா சாதாரணமாகச் சொன்னாள், தலை வாரிக்கொண்டே. அடுத்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். இருபத்து நான்காம் தேதி அவளுக்கு மாவட்ட அணித் தேர்வுக் குத்துச்சண்டை. அதில் தோற்றால் கையுறையை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாளாம்.

"தோக்கத்தான் போறேன். தோள்பட்டை உடைஞ்சு திரும்பி வந்தப்புறம் இப்ப கடைசியா வரிசையா மூணு போயிருச்சு. நாலாவதும் போனா மாமா மூஞ்சியைப் பாக்க முடியாது. நீ யார்கிட்டயும் சொல்லாத, வாலு."

அவள் போனால் இந்த அறை எனக்கு மட்டும். ஆறு வயதிலிருந்து கேட்கிறேன் அதை. சுவரில் நடுக்கோடு போட்டு எல்லை பிரித்தவள் நான். இப்போது கிடைக்கப்போகிறது. ஏன் சந்தோஷமே வரமாட்டேங்குது?

அவளுடைய பட்டை கொடியில் தொங்குகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பத்தாண்டுச் சண்டையில் தோற்று, வெள்ளைப் பட்டையோடு மாமாவின் சிவப்புப் பனியனையும் சேர்த்து ஊறவைத்ததில் ரோஸ் ஆனது. (தெரியாமல் என்று அன்றைக்குச் சொன்னேன்.) திட்டிக்கொண்டே கட்டிப் போனவள் அன்றைக்கு ஜெயித்து வந்தாள். அதற்கப்புறம் வேறு பட்டை தொடவில்லை. இப்போது அது வெளுத்து, ரோஸா வெள்ளையா என்று அதற்கே சந்தேகம்.

மார்ச் 9, சனி

யோசனை வந்துவிட்டது. என் மூளைக்கு நானே மாலை போட வேண்டும்.

நாளைக்கு நான் ஒரு பேர் சொல்லாத வீரரை நிறுத்துவேன். பழைய காலத்து ஆள் என்று கதை விடுவேன். ஆனால் கணக்கு முழுக்க அக்காவுடையது: பன்னிரண்டு வயதில் முதல் சண்டை தொடங்கி இப்போதுவரை, சரியாகப் பத்து வருடம். நடுவில் நாலு வருடம் அவளை யாரும் தொட முடியவில்லையே, அது போதும். இரண்டு பேரும் ஆகா ஓகோ என்பார்கள். அப்போது பேரைச் சொல்வேன். அக்கா அங்கேதான் இருப்பாள். அழுவாள், நான் கிண்டல் செய்வேன், வேலையும் கண்ணாடியும் கண்காணாமல் போகும்.

மார்ச் 10, ஞாயிறு

நாசமாப் போச்சு.

எழுதவே கை வரலை. எழுதிடறேன்.

நான் கணக்கைச் சொன்னேன். முதல் மூன்று வருடம் பாதி வெற்றி, பாதி தோல்வி. அப்புறம் நாலு வருடத்தில் ஒரே ஒரு தோல்வி. அப்புறம் காயம், ஒரு வருடம் சும்மா. திரும்பி வந்து சில்லறையாகச் சில வெற்றி, கடைசியில் வரிசையாக மூன்று தோல்வி. அக்கா ஜன்னலோரம் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நிறுத்து என்று. நான் மடச்சி, சிரித்தேன்.

அப்பா உடனே அந்த ஆள் பக்கம் சேர்ந்துகொண்டார். ஜோ லூயிஸை அம்போ என்று விட்டுவிட்டார். நாலு வருஷம் ஒரு தோல்வி என்றால் சும்மாவா, காயத்துக்கு அப்புறம் திரும்பி வருவதற்கே தனி மார்க் போட வேண்டும் என்று அப்படி வாதாடினார். அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. மாமாவுக்குச் சுருதி ஏறிவிட்டது. ராபின்சனுக்கு எதிரே எவனையோ நிறுத்தினால் விடுவாரா?

"விடுங்க மச்சான். கடைசி மூணு சண்டையைப் பாத்தாலே தெரியுது, ஆளுக்குப் பயம் வந்திருச்சு. அடி விழுமோன்னு பாத்துப் பாத்து ஆடுறவன். கூட இருந்தவன் எவனாவது அப்பவே வீட்டுக்குப் போன்னு சொல்லியிருக்கணும்."

அக்கா பட்டையைக் கழற்றினாள். பெஞ்சு மேல் வைத்தாள். "சொல்லிட்டீங்க இல்ல மாமா. போறேன்" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பெஞ்சில் கிடந்த ரோஸ் பட்டையைப் பார்த்தார். அம்மா தீர்ப்பு சொல்லவில்லை. யார் துவைப்பது என்று யாரும் கேட்கவில்லை. நான் துவைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

அக்கா என்னோடு பேசவில்லை. நடுக்கோட்டை அழித்துப் பார்த்தேன். அதையும் கவனிக்கவில்லை.

மார்ச் 13, புதன்

மூன்று நாளாக அக்கா மேல்மாடிக்குப் போகவில்லை. மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் பெரிய திட்டு.

கடையில் அப்பாவுக்கு உதவப் போனேன். ஒரு டாக்ஸி சீட்டைப் பிரித்துப் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தார். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். ஆரம்பத்திலேயே என்றார். அக்காவின் எல்லாச் சண்டைக்கும் மணியடித்தவர் அப்பாதான். சுற்று முடியும்வரை அவளைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய வேலை. தெரிந்தே ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். பேரைச் சொல்லியிருந்தால் மாமா எப்படியும் புகழ்ந்திருப்பான், அந்தப் புகழை அக்கா நம்ப மாட்டாள். பேர் தெரியாமலே அவன் ஒப்புக்கொள்ளட்டும் என்று பார்த்தேன் என்றார். அப்புறம் ஊசியை வாயில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் பேச முடியாது என்று அர்த்தம்.

ஆக, நானும் அப்பாவும் ஒரே பள்ளத்தைத்தான் வெட்டியிருக்கிறோம். இரண்டு பக்கத்திலிருந்து.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ராபின்சன் எந்தச் சுற்றில் யாரை விழவைத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதருக்கு, சொந்த மருமகளின் கணக்கு எப்படித் தெரியாமல் போனது? இவரே கற்றுக்கொடுத்து, இவரே மூலையில் நின்று தண்ணீர் கொடுத்த சண்டைகள் அத்தனையும்.

கேட்கப் போகிறேன்.

மார்ச் 14, வியாழன்

கேட்டேன். மாமா தனியாகக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாமா பெருக்கி நான் பார்த்ததில்லை. குத்து விட்டாலும் குத்தம், விடாவிட்டாலும் குத்தம் என்று என் பாணியில் ஆரம்பித்தேன். சிரிக்கவில்லை. அதனால் நேராகக் கேட்டேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அவ தோத்ததை நான் எண்ணினதே இல்லடி. எண்ணியிருந்தாத்தானே தெரியும்?"

அப்புறம் அவளுடைய சண்டைகளைச் சொன்னார். தேதி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஒரு பெண்ணுக்கு அவள் விட்ட இடது கைக் குத்து. பன்னிரண்டு வயதில் எதிராளி விழுந்ததும் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கி, நடுவரிடம் திட்டு வாங்கியது. கடைசிச் சண்டையில் பின்வாங்கும்போதுகூட அவள் கால் வைத்த அழகு. எதிலும் யார் ஜெயித்தது என்றே அவர் சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்து, அக்கா கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமல், சுவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமா குரலிலேயே. அக்கா போர்வையை இழுத்து மூடியிருந்தாள். ஆனால் தூங்குகிறவள் அப்படி மூக்கை உறிஞ்ச மாட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

மாமா இன்றைக்கு ராபின்சனை நிறுத்தவில்லை. அப்பா கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பெர்னார்ட் ஹாப்கின்ஸ் என்றார். தொண்ணூற்றைந்திலிருந்து இரண்டாயிரத்தைந்துவரை பத்து வருடம் பட்டம் அவரிடம். அதற்கு முன்னால் ஒன்று சொல்லணும் என்று தொண்டையைச் செருமினார். தொழில்முறையில் அந்த ஆளின் முதல் சண்டையே தோல்வி. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் வளையத்துக்குள்ளேயே வரவில்லை.

அப்பா விடவில்லை. "அதை ஏன் விட்டுட்டு எண்ணுற, மாப்ளே?"

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குரல். "எங்க இருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாமா?"

அக்கா. கையில் ஒன்றும் கட்டவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

மாமா அவளைப் பார்க்காமல், தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விதி அதுதானே, மருமகளே. ஆரம்பம் நம்ம இஷ்டம்."

அம்மா மாமா ஜெயித்ததாகச் சொல்லிவிட்டார். அக்கா பெஞ்சில் நான் மடித்து வைத்திருந்த ரோஸ் பட்டையை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். மாமா வந்து முனையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் மட்டும், "நீ வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றாள். அப்பாடா. பேசிவிட்டாள்.

மார்ச் 24, ஞாயிறு

தோற்றாள்.

ஐந்து நடுவர்களில் இரண்டு பேர் அவள் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். கடைசிச் சுற்றில் அவள் பின்வாங்கவே இல்லை. அப்பா மணியடிக்க ஒரு நொடி பிந்தினார், நான் பார்த்தேன், கடிகாரத்தை விட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவள் தலையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஏதோ சொன்னார். துண்டு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

வீடு திரும்பும்வரை யாரும் கண்ணாடிக் கடையைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. உடம்புக்கு என்ன என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 31, ஞாயிறு

அக்கா இன்றைக்கு முதல்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்து வாதாடினாள்.

"பேர் சொல்லாத ஒரு வீராங்கனை. பத்தாண்டு ஆரம்பம், போன ஞாயித்துக்கிழமை. முதல் சண்டை தோல்வி. மீதியெல்லாம் இன்னும் வரல."

மாமா ராபின்சனுக்காக வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரொம்ப யோசித்து, ஒன்பது வருடமும் சொச்சமும் பாக்கி இருக்கும் கேஸை என்னால் ஏற்க முடியாது, நீ தோற்றாய், போய்த் துவை என்று தீர்ப்பளித்தார்.

கொல்லைக் குழாயடியில் அக்கா வாளியில் எல்லாப் பட்டையையும் போட்டாள். தன்னுடையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"வெளுத்தே போச்சு. மாமாவோட அந்தச் சிவப்புப் பனியன் இருக்கா, பாரு."

இருந்தது. எடுத்து வந்தேன். இந்தத் தடவை தெரிந்தேதான்.

இப்போது கொடி முழுக்க ரோஸ். அப்பா மாடிப்படியில் நின்று அதையே பார்க்கிறார். மாமா பனியனைத் தேடிக்கொண்டிருக்கிறார். அறை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அழித்த கோட்டை மறுபடி போட்டுவிட்டேன், அவள் பக்கம் ஒரு சாண் தள்ளி.

அவள் இன்னும் கவனிக்கவில்லை.