பிள்ளைக்கு மூன்று, பூனைக்கு ஒன்று

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்கு இன்று நான்கு வயது. விடிந்ததும் என் கண்ணிமையைப் பிரித்து, "நான் பெரியவளாயிட்டேனா?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்வதற்குள் தூங்கிப்போனேன்.

மழலையர் பள்ளி பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். லேபில் செல் வளர்க்கும் தட்டுகளுக்குச் சத்துநீர் மாற்றும் வேலை அப்போதுதான் பாதியில் நிற்கும். பாதியில் விட்டு எழுந்தால் அத்தனையும் பாழ். செவ்வாயும் வியாழனும் அக்கா போய் அழைத்து வருவதால் வண்டி ஓடுகிறது. மற்ற நாட்களில் லேபுக்கும் பள்ளிக்கும் நடுவே நான் ஓடுகிறேன்.

"நெஜமாவே உங்க அக்காவா?" என்று என் ஆராய்ச்சிக் கைடு கேட்டார். "அதுக்கும் மேல சார்," என்றேன். ரத்த உறவில்லை; லேபில் பக்கத்து மேசை, இரண்டு வருடம் சீனியர். குட்டிக்கு அவர் பெரியம்மா. வேறு ஊரில் வேலை பார்க்கும் இவளுடைய அப்பாவைவிட அவரைத்தான் இவள் அதிகம் பார்க்கிறாள்.

மார்ச் 11, புதன்

நல்ல சேதி! ஆராய்ச்சி மாணவர்களின் பிள்ளைகளுக்கு வளாகத்திலேயே காப்பகம் திறக்கிறார்கள். மாலை ஆறு வரை. இருபது இடம். அதே படிவத்தில் குடும்பக் குடியிருப்புக்கும் கேட்கலாம். அதற்குப் பிள்ளை இருந்தால் மூன்று புள்ளி, செல்லப்பிராணி இருந்தால் ஒன்று.

அக்கா விடுதி அலமாரியில் ஒளித்து வளர்க்கும் பூனைக்கு இனி ஒரு வழி பிறக்கும். "என் ராசாத்திக்கு ஒரு பாயிண்ட்தானா? கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா," என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

எனக்கு இந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். ஜூலைக்குள் கடைசிப் பரிசோதனை முடியாவிட்டால் என் பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பு. கைடு அதைச் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

படிவம் கொடுத்தாயிற்று. அக்கா நேற்றே கொடுத்துவிட்டாராம். சேர்ந்து போகலாம் என்று அவர்தானே சொன்னார்? சரி, மறந்திருப்பார்.

மார்ச் 26, வியாழன்

அக்காவுக்குக் குடியிருப்பு கிடைத்துவிட்டது! தரைத்தளம், பெரிய ஜன்னல். பூனை ஒவ்வொரு மூலையாக மோந்து பார்க்க, குட்டியும் பின்னாலேயே மண்டி போட்டு மோந்தாள். நான் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன். ஒரு பூனைக்கு இவ்வளவு பெரிய வீடா என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி எனக்கே வெட்கமாக இருந்தது.

மார்ச் 30, திங்கள்

குட்டிக்குக் காப்பகத்தில் இடம் இல்லை. காரணம் ஒரே வரி: "குழந்தை ஏற்கெனவே வேறொரு விண்ணப்பத்தில் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளது."

கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்து அலுவலகத்துக்கு ஓடினேன். கிளார்க் பொறுமையான மனிதர். கோப்பைப் புரட்டிவிட்டு, "இந்தப் பாப்பாவ வேற ஒருத்தவங்க பராமரிப்புல இருக்கறதா எழுதிருக்காங்க மேடம். மொதல்ல வந்த படிவம்தான் கணக்கு," என்றார்.

"சார், நான் பெத்த பிள்ளை சார்."

"புரியுது மேடம். ஆனா நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே."

திருப்பிக் காட்டினார். என் கையெழுத்துதான். அக்கா குட்டியை அழைத்துப் போகலாம் என்று மழலையர் பள்ளிக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல்; அக்காவிடமும் ஒன்று கொடுத்து வைத்திருந்தேன். "என் மகளின் பராமரிப்பில் முழு உரிமை உள்ளவர்". வாட்ச்மேன் கேள்வி கேட்கக் கூடாதே என்று 'முழு'வை நான்தான் சேர்த்தேன். நான்தான்.

மூன்றும் ஒன்றும் நான்கு. அதுதான் அந்தப் பெரிய ஜன்னல்.

மார்ச் 31, செவ்வாய்

தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு, நானே பள்ளிக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"ஏன்க்கா?"

கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு வருஷமா வாரத்துல ரெண்டு நாள் நான்தானே பாத்துக்கறேன்? பொய்யா எழுதினேன்?"

பொய் இல்லை.

"உனக்கும் கிடைக்கும்னுதாம்மா நெனச்சேன். ஒரு பிள்ளைய ரெண்டு பேர் எழுதக் கூடாதுன்னு எனக்கென்ன தெரியும்?"

வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது: ஒரு குழந்தை, ஒரு விண்ணப்பம். எங்கள் ஆய்வுக்கட்டுரைகளில் கமா விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிற அக்கா. அதனால்தான் ஒரு நாள் முந்திப் போயிருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விக்கலுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுநாளே போயிருக்கிறார்.

கேட்டிருந்தா வேற வழி பாத்திருப்பேனே. பூனைய என் வீட்லயே வச்சிருப்பேனே. ஏன்க்கா கேக்கல?

ஏப்ரல் 1, புதன்

பள்ளிக்குப் போய் அந்தக் கடிதத்தை ரத்து செய்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டேன். நான்கு முறை கிழித்து, ஐந்தாவது முறை. முதல் நான்கிலும் 'அக்கா' என்றே எழுதியிருந்தேன்.

மூன்று தட்டுகளில் பூஞ்சை. ஒரு வார வேலை குப்பைக்கு.

ஏப்ரல் 17, வெள்ளி

குட்டிக்குக் காப்பகத்தில் இடம். அந்த அம்மாளுக்கு வீடு ரத்து, மறுபடியும் விடுதி. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

கதவைத் தட்டினார். கையில் கூடை, உள்ளே பூனை. விடுதியில் இனி ஒளிக்க முடியாது, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "என்னைய நீ பாக்க வேணாம். இத மட்டும் வச்சுக்க," என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று நின்றேன். "காலைல மீன் மட்டும்தான் சாப்பிடும்," என்றார்.

கதவைச் சாத்தத்தான் நினைத்தேன். அதற்குள் குட்டி கூடையைக் கட்டிக்கொண்டாள்.

மே 21, வியாழன்

லேபில் பக்கத்து மேசை காலி. மாடி லேபுக்கு மாற்றிக்கொண்டுவிட்டாராம். நல்லது.

ஜூலை 14, செவ்வாய்

கடைசித் தட்டு முடிந்தது. கைடு கை கொடுத்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பழக்கதோஷம், பக்கத்து மேசைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஜூலை 20, திங்கள்

குடியிருப்புக்கு அடுத்த சுற்று. கிளார்க் என் படிவத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல பூனை இருக்குன்னு சொன்னீங்களே மேடம், எழுதலயே? அந்த ஒரு பாயிண்ட் வந்தா வீடு உறுதி," என்றார். பேனாவை அவரே நீட்டினார்.

குட்டி மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, "பூனை நம்மளுதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. பெரியம்மாவோடது."

அந்தச் சொல் என் வாயில் வந்து மூன்றரை மாதம் ஆகிறது. குட்டி தலையாட்டினாள். கட்டத்தை அப்படியே வெறுமையாக விட்டு, படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் மீன் வாங்கினேன்.