சுகந்தி வறுத்த தூள்

யூன் 28, சனிக்கிழமை

குஞ்சு, உன் மனுசனும் பிள்ளையும் இன்று அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். அவர் படிப்பிக்கப்போகிற பல்கலைக்கழகம் தெற்கே எங்கேயோ ஒரு ஊரில். அங்கே பனியே இல்லையாம். பல்கலைக்கழகப் பந்தாட்டப் போட்டி நாட்களில் தெரு முழுக்க ஆட்டமும் பாட்டுமாம். மொன்றியல் குளிரைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நீ. அந்த ஊரைப் பார்க்கப்போகிறவள், உனக்குப் பிறகு அவர் கட்டின சுகந்தி.

காலையில் ரொக்ஸ்பரோவில் இருக்கிற அவர்களின் வீட்டுக்கு மிளகாய்த்தூள் வறுத்து, ஒரு போத்தல் கொண்டுபோனேன். பயணம் போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? சுகந்தி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"நானும் வறுத்தனான் அம்மா, மணந்து பாருங்கோ" என்று தன் போத்தலைத் திறந்தாள்.

உன் தூள், குஞ்சு. அதே மணம். நீ செத்த பிறகு நான் எத்தனை தரம் வறுத்தும் எனக்கு வராத மணம்.

"ஆர் பிள்ளை சொல்லித்தந்தது?"

"இவர்தான். அக்கா அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத்தான் பெருஞ்சீரகம் போடுவாவாம்." உன்னைத்தான் அக்கா என்கிறாள்.

அதற்குள் உன் மகள் காருக்குள் இருந்து, "அம்மா, கெதியா வாங்கோ!" என்று கத்தினாள். சுகந்தி ஓடினாள்.

நல்ல பெட்டைதான். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அந்தப் பக்குவத்தை நான் கேட்டபோதெல்லாம் "பேந்து சொல்லுறன் அம்மா" என்று சிரிப்பாய். அவருக்குச் சொல்லியிருக்கிறாய். பெற்றவள் எனக்கு ஏனடி சொல்லாமல் போனாய்?