கொம்பு வைத்த கிடாரை ஏன் வாங்கவில்லை

அன்புச் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் இருமல்கூட ஒருவழியாக மூட்டை கட்டிவிட்டது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல், கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், வேறு வழி? பையின் ஜிப்பைத் திறந்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீ கேட்டது கருப்பு, இரண்டு பக்கமும் கொம்பு, பார்த்தாலே குத்திவிடும் போல இருப்பது. உள்ளே இருப்பதோ பழுப்பு, ஓரத்தில் பெயிண்ட் உரிந்தது, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாதுவானது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடவில்லை, அப்பாவும் தூங்கி வழிந்துகொண்டு எதையோ எடுத்து வைத்துவிடவில்லை, நான்தான் பார்த்து வாங்கினேன். டியூஷன் எடுத்து நீ சேர்த்த பணத்தைப் போட்டு நீ கேட்காத ஒன்றை வாங்கியிருக்கிறேன், அதுவும் வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நீ சொந்த கிடாரோடு போய் நிற்காவிட்டால் குழுவில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும். அதனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கத்துவதைக் கொஞ்சம் ஒத்திப்போடு.

நீ அனுப்பியிருந்தாயே உங்கள் நாலு பேர் பாட்டு, அதை அன்றைக்கே அடுப்படியில் போனில் போட்டுக் கேட்டோம். சித்தியும் வந்திருந்தாள். கேட்டுவிட்டு, "யாரோ பாத்திரக் கூடையை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்குக்கா, நடுவுல ஒருத்தனுக்குப் பல்வலி வேற" என்றாள், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பே வரவில்லை. டிரம்ஸ் கேட்கிறது, இன்னொரு பையனின் கிடார் கேட்கிறது, பல்வலிக்காரன் கத்துவது அக்கம்பக்கத்துக்கே கேட்கிறது, நீ மட்டும் எங்கேயும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், இல்லவே இல்லை. பெயருக்கு என் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, பதிவு செய்யும்போது ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள் என்று நினைத்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அந்த டிரம்ஸ் பையனை, நீங்கள் டமாரம் என்று கூப்பிடுகிறீர்களே அவனை, அழைத்து நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று நம்பரைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். அப்பாதான் போனைப் பிடுங்கிக்கொண்டு, "நீ சண்டை போட்டுட்டு இங்க நிம்மதியா இருப்ப, அவ அங்க தலை காட்ட வேணாமா" என்று தடுத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னிடம் காது சோதனைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். போனில் பேசினால் மகன் குரலே வேறு யாரோ போல இருக்கிறது, காது போய்விட்டதா என்று ஒரே கவலை. நான் வழக்கமாகச் சொல்வதை ஒப்பித்தேன், பயப்படாதீங்க ஐயா, போன் ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது, அடியில இருக்கிற கனமான சத்தத்தை எல்லாம் அது கொடுக்கவே கொடுக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். நாள் முழுக்க ஊருக்கே காது பார்த்துச் சொல்கிற வேலை, இதற்காகவே நாலு வருஷம் படித்த படிப்பு, என் பெண் வாசிப்பதைப் போனில் போட்டுவிட்டுக் காணோம் என்று தேடியிருக்கிறேன்! சாப்பாட்டு நேரத்தில், வெளிச்சத்தம் ஒரு துளிகூட வராத அந்தச் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய ஹெட்ஃபோனை மாட்டிப் பாட்டைப் போட்டேன். அடியம்மா, நீ இருக்கிறாய். நீ வாசிப்பது கனத்த அடிச்சத்தம் தருகிற பேஸ் கிடார் அல்லவா, எல்லாருக்கும் அடியில், டமாரம் காலால் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் கூடவே ஓடிக்கொண்டு, அவர்கள் குதிப்பதற்கு நீ தரை போட்டுக்கொண்டே போகிறாய். ஒரு இடத்தில் மற்ற எல்லாரும் நிறுத்திவிட நீ மட்டும் தனியாக இறங்கி வருகிறாயே, அங்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடி வழியாக ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "மேடம், தலை சுத்துதா? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடுதான் சனிக்கிழமை கடைக்குப் போனோம், சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, லீவுக்கு வந்தபோது நீ பார்த்துவிட்டு வந்தாயே அதே பழைய சாமான் கடை. குடுமி போட்ட கடைக்காரர் உன் கொம்பை இறக்கிக் கொடுத்தார். நீயும் நானும் ஒரே உயரம், உன் சட்டையில் பாதி என் அலமாரியில்தான் இருக்கிறது, ஆகவே நானே மாட்டிக்கொண்டேன். "சிஸ்டர் எந்த பேண்டுல வாசிக்கிறீங்க?" என்று கேட்டார், காலேஜில் படிக்கிற என் பெண்ணுக்கு என்றேன், நம்பவில்லை, அப்பா பக்கம் திரும்பி "இவங்க தங்கச்சிக்குத்தானே சார்?" என்றார், அதிலிருந்து வீடு வரும்வரை உன் அப்பா உர்ரென்றே இருந்தார். அவருக்கு ஐந்து கம்பி வைத்த ஒன்றின் மேல் கண். "அதே விலைக்கு ஒரு கம்பி கூட வருதே, அதையே எடுத்துடலாமே" என்று, காய்கறிக் கடையில் கொசுறு கேட்கிற மாதிரி. குடுமிக்காரர் பாவம், இந்த விலையில் ஐந்து கம்பி எடுத்தால் ஐந்தாவது கம்பி தொளதொள என்று ஆடும், நல்ல நாலு கம்பி எடுத்துத் தடிமனான கம்பி மாட்டிச் சுருதியை இறக்கிக்கொண்டால் மெட்டல் மாதிரி முரட்டுப் பாட்டுக்கு அதுவே போதும் என்று பொறுமையாகச் சொன்னார்.

உன் கொம்பு சத்தத்தில் குறையே இல்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு டிரைவிங் ஸ்கூல் புத்தி போகுமா, பழைய கார் எது வந்தாலும் நேர்ரோட்டில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பாரே, அதே போல "ரெண்டு கையையும் விடு, பார்ப்போம்" என்றார். விட்டேன். கிடாரின் தலை கிணற்றுக்குள் வாளி போகிற மாதிரி சரேலென்று கீழே போய்விட்டது, குடுமிக்காரர் பாய்ந்து பிடிக்காவிட்டால் கண்ணாடி ஷோகேஸ் போயிருக்கும். "தலை கனம், உடம்பு லேசு. இதை வாசிக்கிறவங்க இடது கையால தாங்கிக்கிட்டேதான் வாசிக்கணும்" என்று அவரே ஒத்துக்கொண்டார். இடது கை. சைக்கிளிலிருந்து விழுந்து நீ பிளேட் வைத்துக்கொண்ட அதே மணிக்கட்டு, போன மாதம் "கொஞ்சம் வீங்கியிருக்கும்மா, ஒண்ணுமில்ல" என்று சாதாரணமாகச் சொன்னாயே அது. அதன் பிறகு எனக்கு அந்தக் கொம்பின் மேல் மனசே போகவில்லை. மூலையில் தொங்கிய இந்தப் பழுப்பை மாட்டிக் கையை விட்டேன், விட்ட இடத்தில் நின்றது. அடிக்கம்பியை வேகமாகத் தட்டிக் காட்டச் சொன்னேன், எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கிறது, ஒன்றோடொன்று குழையவில்லை. பிறகு குடுமிக்காரர் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெட்டியையும் சேர்த்துவிட்டு, "நீங்களே ஒரு தட்டு தட்டுங்க" என்றார். தட்டினேன். கீழேயிருந்து சைக்கிள்காரர் "என்னங்க, கம்ப்ரஸர் வெடிச்சுடுச்சா?" என்று மேலே ஓடி வந்தார். இதைத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை, "வாசிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா, பார்க்கிறவனுக்கும் பயம் வரணும்" என்றாய். அதுவும் நியாயம்தான், மேடையில் நிற்கப்போவது நீ, நான் இல்லை. ஆகவே உன் கொம்பை அடுத்த ஞாயிறு வரைக்கும் யாருக்கும் விற்காமல் வைத்திருக்க குடுமிக்காரரிடம் பேசிவிட்டேன், இதைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுவார். வெள்ளிக்கிழமை இதை மாட்டிக்கொண்டு எல்லாப் பாட்டையும் நின்றபடியே வாசித்துப் பார், உன் கையையும் கேள், டமாரத்தையும் கேள். கொம்புதான் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை சொல், இதைக் கொண்டுவந்த வேன்காரரே அதையும் கொண்டுவந்து தருவார், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு அப்பா "நீயா?" என்று சிரிக்கிறார்.

இந்த கிடாருக்குள் பேட்டரி இருக்கிறது, வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கிவிடு, இல்லாவிட்டால் தீர்ந்துபோகும். பக்கப் பையில் காது அடைப்பான் நாலு ஜோடி வைத்திருக்கிறேன், உனக்கு மட்டுமில்லை, பல்வலிக்காரனுக்கும் சேர்த்து. போடாமல் வாசித்தாய் என்று தெரிந்தால் நேரே மேடைக்கு வந்து நானே மாட்டிவிடுவேன், உன் மானம் போகும். நிகழ்ச்சிக்கு நாங்கள் இருவரும் லீவு போட்டாகிவிட்டது. நீ எதை மாட்டிக்கொண்டு நின்றாலும் கை வலிக்காமல், மனசு நிறைய வாசிக்க வேண்டும், நன்றாக இரு கண்ணே. நாங்களும் காதை அடைத்துக்கொண்டுதான் உட்காருவோம், அது என் தொழில் தர்மம். ஆனால் நீ மட்டும் தனியாக இறங்கி வருகிற அந்த இடத்தில் என்னுடையதைக் கழற்றிவிடப்போகிறேன். அப்பாவிடம் சொல்லாதே, அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா